ஆல் ஓர்ட்டர்: நான்கு ஒலிம்பிக், நான்கு தங்கம். வட்டெறிதலில் இவருக்கு மேலே யாராவது உண்டா?

உப்பளத்தான்:

நீரஜ் சோப்ரா புண்ணியத்தில் ஈட்டிக்கு இங்கே பக்கம் பக்கமாக இழை ஓடுகிறது. வட்டெறிதலுக்கு ஒன்றைக்கூடக் காணோம். சரி, நானே தொடங்கிவிடுகிறேன்.

பேச நினைப்பது ஆல் ஓர்ட்டரைப் பற்றி. அமெரிக்கர், 1936-இல் நியூயார்க்கில் பிறந்தவர். பள்ளியில் ஓட்டக்காரராகத்தான் இருந்தார். ஒருநாள் காலடியில் வந்து விழுந்த வட்டை எடுத்துத் திருப்பி எறிந்திருக்கிறார். அது, எறிந்த பையன்கள் நின்ற இடத்தையும் தாண்டிப் போய் விழுந்தது. அதோடு ஓட்டம் முடிந்தது, வட்டு ஒட்டிக்கொண்டது. அப்புறம் கான்சஸ் பல்கலைக்கழகம். 20 வயதில் மெல்போர்ன் ஒலிம்பிக்.

1956 மெல்போர்ன், 1960 ரோம், 1964 டோக்கியோ, 1968 மெக்சிகோ சிட்டி. நான்கிலும் தங்கம். எறிந்த தூரம் 56.36, 59.18, 61.00, 64.78 மீட்டர். நான்குமே எறிந்த அன்றைக்கு ஒலிம்பிக் சாதனை. தடகளத்தில் ஒரே போட்டியை அடுத்தடுத்து நான்கு ஒலிம்பிக்கில் வென்ற முதல் ஆள் இவர்தான். நீளம் தாண்டுதலில் கார்ல் லூயிஸ் அதை எட்டிப் பிடிக்க 1996 ஆகிவிட்டது.

இதெல்லாம் வினாடி வினா புத்தகத்திலேயே இருக்கும். என்னை உறுத்துவது வேறு விஷயம். நான்கு முறையும் இவர் ஒலிம்பிக்குக்குப் போனபோது உலக சாதனை இன்னொருவர் கையில் இருந்தது. 1956-இல் ஃபார்ச்சூன் கார்டியன். 1960-இல் போலந்தின் பியாட்கோவ்ஸ்கியும் அமெரிக்காவின் ரிங்க் பாப்காவும், இருவருக்கும் ஒரே 59.91 மீட்டர். 1964-இல் செக்கோஸ்லோவாகியாவின் லுத்விக் டானெக். 1968-இல் ஜே சில்வெஸ்டர். இவர்கள் அத்தனை பேரும் அதே இறுதிப் போட்டியில் நின்றுதான் இவரிடம் தோற்றார்கள்.

அதனால் என் கட்சி இது: எத்தனை மீட்டர் என்று பார்க்காதீர்கள், எந்த நாளில் என்று பாருங்கள். அப்படிப் பார்த்தால் ஓர்ட்டருக்கு மேலே ஒருவரும் இல்லை. மறுப்பவர்கள் வரலாம்.

கணக்கன்:

நான் மறுக்கிறேன்.

முதலில், அந்தக் காலத்தில் போட்டி எவ்வளவு பெரிது? 1956-இல் மூன்று பதக்கமும் அமெரிக்காவுக்கு: ஓர்ட்டர், கார்டியன், டெஸ் காக். 1960-இலும் மூன்றும் அவர்களுக்கே: ஓர்ட்டர், பாப்கா, டிக் காக்ரன். ஒரே நாட்டுக்காரர்கள் மூன்று பேர் தங்களுக்குள் அடித்துக்கொண்டதை உலகப் போட்டி என்று எப்படிச் சொல்வது?

அடுத்தது, உலக சாம்பியன்ஷிப் தொடங்கியதே 1983-இல்தான். ஓர்ட்டர் நான்கு வருடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தால் போதும். ஜெர்மனியின் லார்ஸ் ரீடலைப் பாருங்கள். 1991, 1993, 1995, 1997, 2001 என்று ஐந்து உலகப் பட்டம், நடுவில் 1996 அட்லாண்டாவில் ஒலிம்பிக் தங்கமும். லிதுவேனியாவின் விர்கிலியுஸ் அலெக்னா 2000 சிட்னி, 2004 ஏதென்ஸ் இரண்டிலும் தங்கம், பெய்ஜிங்கில் வெண்கலம், 73.88 மீட்டர் வரை எறிந்தவர். ஓர்ட்டர் தங்கம் வாங்கிய நான்கு எறிதல்களில் எதை வைத்துக்கொண்டும் இன்றைக்கு ஒலிம்பிக் பதக்கம் கிடைக்காது.

மூன்றாவது, 'சாதனை இன்னொருவர் கையில் இருந்தது' என்பதைப் பெருமையாகச் சொல்கிறீர்கள். வேறு மாதிரிப் பார்த்தால், அவர் தன் காலத்திலேயே மிகத் தூரம் எறிந்தவர் இல்லை என்றுதானே அர்த்தம்?

உப்பளத்தான்:

> கணக்கன் எழுதியது: தன் காலத்திலேயே மிகத் தூரம் எறிந்தவர் இல்லை

1962 மே 18, லாஸ் ஏஞ்சலிஸ். 61.10 மீட்டர். அடிக்கணக்கில் 200-ஐ உலக சாதனையாகத் தாண்டிய முதல் ஆள் ஓர்ட்டர். சோவியத்தின் ட்ருசென்யோவ் சில வாரத்திலேயே 61.64 எறிந்து அதைப் பறித்தார். ஜூலை 1-ஆம் தேதி சிகாகோவில் 62.45 எறிந்து ஓர்ட்டர் திரும்ப வாங்கிக்கொண்டார். பிறகு 1963-இல் 62.62, 1964 ஏப்ரலில் 62.94. மொத்தம் நான்கு உலக சாதனை. டானெக் 1964 ஆகஸ்டில் 64.55 எறிந்து முந்திக்கொண்டதால், அக்டோபரில் டோக்கியோ வந்தபோது சாதனை இவரிடம் இல்லை, அவ்வளவுதான். எறியத் தெரியாமல் நாள் பார்த்து ஜெயித்தவர் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

தம்பிகள் இருவருக்கும் வணக்கம். வட்டைப் பற்றிப் பேச்சு வந்திருப்பதே சந்தோஷம். பள்ளிக்கூடங்களில் வட்டு என்றால் பீரோவில் பூட்டி வைக்கிற பொருள்.

1960 ரோம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் கணக்கன் தம்பி அதை 'தங்களுக்குள் அடித்துக்கொண்டார்கள்' என்று தள்ளிவிட்டார். அந்த வருடம் அமெரிக்கத் தேர்வுப் போட்டியில் ஓர்ட்டர் பாப்காவிடம் தோற்றிருந்தார். ரோமிலும் பாப்கா முதல் எறிதலிலேயே 58.02 போட்டு முன்னால் போய்விட்டார். நான்கு சுற்று முடிந்தும் அதே நிலைதான். ஐந்தாவது சுற்றுக்கு முன்னால் பாப்காவே ஓர்ட்டரிடம் போய், உன் இடது கை சரியான இடத்தில் இல்லை என்று சொல்லியிருக்கிறார். அடுத்த எறிதல் 59.18. தங்கம் கைமாறியது. சொன்னவருக்கு வெள்ளி.

எறிகிறது வலது கை, இடது கையில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வளையத்தின் விட்டம் இரண்டரை மீட்டர். அதற்குள் ஒன்றரைச் சுற்று சுற்றி இரண்டு கிலோ வட்டை விட வேண்டும். வேகம் கையிலிருந்து வருவதில்லை. கால் முதலில் திரும்பும், இடுப்பு அதன் பின்னால், தோள் அதற்கும் பின்னால், எல்லாவற்றுக்கும் கடைசியில் கை. இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் ஒரு முறுக்கு ஏறும். அந்த முறுக்குதான் தூரம். இடது கை தொங்கினாலோ, அவசரப்பட்டு விலகினாலோ தோள் முன்கூட்டியே திறந்துகொள்ளும், முறுக்கு வீணாகும். எறிபவருக்கு அது தெரியாது. வெளியே நின்று பார்க்கிறவருக்குத்தான் தெரியும். பாப்காவுக்குத் தெரிந்தது, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், இருக்கவில்லை.

என்னைக் கேட்டால் அந்த ஒரு காரியத்துக்காகவே பாப்கா பெயரை ஓர்ட்டர் பெயரோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.

மதுரைக்காரி:

சார் சொன்னது நூற்றுக்கு நூறு. நான் கல்லூரி அணியில் வட்டெறிந்தவள். எங்கள் மைதானத்தில் வலைக்கூண்டு கிடையாது. ஹாக்கி பயிற்சி முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகுதான் வட்டைத் தொடவே விடுவார்கள். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஆள் இல்லாமல் எறிந்தால், தப்பையே திரும்பத் திரும்பப் பழகிக்கொண்டிருப்போம். ஓர்ட்டரும் கல்லூரி முடித்த பிறகு பெரும்பாலும் பயிற்சியாளர் இல்லாமல்தான் பயிற்சி செய்தார் என்பதை இங்கே சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேலையும் முழுநேர வேலை. க்ரம்மன் விமான நிறுவனத்தில் கணிப்பொறிப் பிரிவு. சந்திரனில் இறங்கிய கலத்தைச் செய்தார்களே, அதே க்ரம்மன். மாலையில் வீடு திரும்பிய பிறகுதான் வட்டு. கணக்கன், ரீடலையும் அலெக்னாவையும் ஒப்பிடும்போது இதையும் தராசில் வையுங்கள்.

கணக்கன்:

வைத்தாயிற்று. ஆனால் அந்தக் காலத்தில் எல்லாருமே வேலை பார்த்துக்கொண்டுதானே எறிந்தார்கள்? அவருக்கு மட்டும் விசேஷமாக என்ன கஷ்டம்?

உப்பளத்தான்:

என்ன கஷ்டமா? 1957-இல் கார் விபத்தில் உயிர் போகும் நிலைக்குப் போய்த் திரும்பினார். அது ஒன்று.

டோக்கியோ இன்னொன்று. கழுத்து எலும்புகளுக்கு நடுவில் இருக்கும் டிஸ்க் விலகி, கழுத்துப் பட்டையோடு பயிற்சி செய்துகொண்டிருந்தார். அது போதாதென்று, போட்டிக்கு ஒரு வாரம்கூட இல்லாத நேரத்தில் பயிற்சியின்போது விலா எலும்புக் குருத்து கிழிந்துவிட்டது. உள்ளே ரத்தக் கசிவு. டாக்டர்கள் ஆறு வாரம் ஓய்வு, எறியவே கூடாது என்றார்கள். விலாவைச் சுற்றிக் கட்டு, ஐஸ், மரத்துப்போக ஊசி. அப்படித்தான் வளையத்துக்குள் வந்தார்.

சார் சொன்ன அந்த முறுக்கை யோசித்துப் பாருங்கள். கிழிந்த விலாவோடு அதை ஏற்ற வேண்டும். டானெக் அப்போது தொடர்ந்து வென்றுகொண்டிருந்தவர், 60.52 எறிந்து முன்னணியில் இருந்தார். ஐந்தாவது எறிதல். ஓர்ட்டர் வலியில் மடங்கிப்போனார். வட்டு விழுந்தது 61.00 மீட்டரில்.

தகுதிச் சுற்றிலேயே 60.54 எறிந்திருந்தார். அந்த உடம்போடு, யாரும் பதக்கம் தராத ஒரு சுற்றில்! இது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

வவுனியாப் பொடியன்:

நல்ல இழை அண்ணை. ஆளைப் பற்றி எனக்கு இவ்வளவு விவரம் தெரியாது. பி.டி. சேரிடம் ஒரு கேள்வி. குறுந்தூர ஓட்டத்திலும் நீளம் பாய்தலிலும் பின்காற்று செக்கனுக்கு 2 மீட்டருக்கு மேல் இருந்தால் சாதனையாக எடுக்க மாட்டார்கள். பரிதிவட்டத்துக்கு, அதாவது உங்கள் வட்டெறிதலுக்கு, ஏன் அந்த விதி இல்லை? 2025 ஏப்ரலில் விர்கிலியுஸின் மகன் மிகோலாஸ் அலெக்னா அமெரிக்காவில் 75.56 எறிந்து உலக சாதனை வைத்தார். ஒக்லஹோமாவில் ரமோனா என்கிற ஒரு சின்ன ஊர். காற்றுக்காகவே அங்கே போய் எறிகிறார்கள் என்று பேச்சு. உண்மையா?

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

உண்மைதான் தம்பி. அதில் ஒளிவுமறைவே இல்லை. 2024 ஏப்ரலிலும் அதே ரமோனாவில்தான் அவர் 74.35 எறிந்தார். கிழக்கு ஜெர்மனியின் யூர்கன் ஷுல்ட் 1986-இல் வைத்த 74.08 அன்றைக்குத்தான் விழுந்தது. ஏறக்குறைய 38 வருடம் நின்ற சாதனை.

காற்று விஷயத்துக்கு வருகிறேன். ஓட்டத்தில் பின்காற்று உதவும், எதிர்காற்று கெடுக்கும் என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். வட்டில் தலைகீழ். பட்டம் விடுகிறவனுக்கு எதிர்காற்று வேண்டும் இல்லையா, அந்தக் கதைதான். வட்டு சுழன்றுகொண்டே போகும்போது அதன் அடிப்பக்கம் காற்றின் மேல் ஏறி உட்காரும், காற்று அதைத் தாங்கும். எதிர்காற்று, அதிலும் வலதுகைக்காரருக்கு முன்பக்கம் வலப்புறத்திலிருந்து வரும் காற்று கிடைத்தால், வட்டு இறங்க மறுக்கும். பின்காற்று அடித்தால் அமுக்கிவிடும். ஆனால் எதிர்காற்றைப் பயன்படுத்தவும் தெரிய வேண்டும். வட்டின் மூக்கு கொஞ்சம் தூக்கிக்கொண்டால் அதே காற்று அதை நிறுத்திக் கவிழ்த்துவிடும். திசை, வேகம், விடுகிற கோணம் என்று எல்லாம் கலந்த ஒன்றுக்கு '2 மீட்டர்' என்று ஒரு கோடு போடுவது சுலபமில்லை.

ஒலிம்பிக் அரங்கம் சுற்றிலும் சுவர் எழுப்பிய கிண்ணம். காற்று உள்ளே நுழையவே தயங்கும். அதனால்தான் உலக சாதனை 75.56, ஒலிம்பிக் சாதனை 70.00 என்று நிற்கிறது. ஐந்தரை மீட்டர் இடைவெளி. உப்பளத்தான் தம்பி 'மீட்டரைப் பார்க்காதீர்கள், நாளைப் பாருங்கள்' என்றது வட்டெறிதலில் மற்ற எந்தப் போட்டியையும்விடப் பொருந்தும்.

இதே கணக்கில் மெக்சிகோவையும் பாருங்கள். கடல் மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் உயரம், காற்று மெலிசு. நீளம் தாண்டுதலில் பாப் பீமன் 8.90 தாண்டினார், குறுந்தூர ஓட்டங்களில் சாதனைகள் விழுந்தன. அவர்களுக்கு அந்த மெலிந்த காற்று உதவியது, வட்டுக்கு உதவவில்லை. தாங்கிப் பிடிக்கக் காற்று வேண்டுமே. அங்கே போய் ஓர்ட்டர் தன் வாழ்நாளில் அதுவரை எறிந்ததிலேயே தூரமாக 64.78 எறிந்தார்.

வவுனியாப் பொடியன்:

நன்றி சேர். இனிமேல் சாதனைப் பட்டியலைப் பார்க்கும்போது முதலில் ஊரைத்தான் பார்ப்பேன்.

மதுரைக்காரி:

மெக்சிகோ என்றதும் மழையையும் சொல்லிவிடுங்கள் சார். ஆண்கள் இறுதிப் போட்டி கொட்டிய மழையால் தள்ளிப்போனது. வளையம் ஈரம். சில்வெஸ்டர் போட்டிக்கு ஒரு மாதம் முன்னால்தான் 68.40 எறிந்து உலக சாதனை வைத்திருந்தார். தகுதிச் சுற்றில் 63.34 எறிந்து ஒலிம்பிக் சாதனையும் வைத்தார். இறுதியில் அதே தூரத்தைத் திரும்ப எறிந்திருந்தால்கூட வெள்ளி கிடைத்திருக்கும், ஏனென்றால் வெள்ளி வாங்கிய கிழக்கு ஜெர்மனியின் லோதார் மில்டே எறிந்தது 63.08. ஆனால் மூன்றாவது சுற்றில் ஓர்ட்டர் 64.78 போட்டதும் சில்வெஸ்டர் ஆட்டம் கண்டுவிட்டார். முடித்தது 61.78, ஐந்தாம் இடம்.

அதே மெக்சிகோவில் பெண்கள் வட்டெறிதலில் என்ன நடந்தது என்று யாரும் பேசுவதில்லை. ருமேனியாவின் லியா மனோலியு, 36 வயது. 1952-இலிருந்து ஒவ்வொரு ஒலிம்பிக்குக்கும் வந்துகொண்டிருந்தவர். ரோமிலும் டோக்கியோவிலும் வெண்கலம். மெக்சிகோவில் முதல் எறிதலிலேயே 58.28. அதற்குப் பிறகு மழை, யாராலும் தாண்ட முடியவில்லை. தங்கம். 1972-இலும் வந்தார், மொத்தம் ஆறு ஒலிம்பிக். ஓர்ட்டரின் இழையில் அவருக்கும் ஒரு பத்தி கொடுத்தே ஆக வேண்டும்.

கணக்கன்:

மனோலியு பற்றித் தெரியாது, நன்றி. ஆனால் என் கேள்வி அப்படியே நிற்கிறது. மழை, ஈரம், எதிராளி தடுமாறுவது எல்லாம் அதிர்ஷ்டம் இல்லையா? சில்வெஸ்டர் தன்னுடைய சராசரி எறிதலை எறிந்திருந்தால் 1968 என்ன ஆகியிருக்கும்?

உப்பளத்தான்:

நீங்கள்தான் கணக்கன், கணக்கே போட்டுப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ஓர்ட்டருக்கு ஜெயிக்க 30 சதவீத வாய்ப்பு என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். நான்கு முறையும் ஜெயிக்க வாய்ப்பு நூற்றில் ஒன்றுகூட வராது. அதிர்ஷ்டம் ஒருமுறை வரும், இரண்டு முறை வரும். பன்னிரண்டு வருடம் தேதி தவறாமல் வருமா?

மழை எல்லார் தலையிலும்தான் பெய்தது. சில்வெஸ்டருக்கு என்று தனியாகப் பெய்யவில்லை.

கணக்கன்:

சரி, அந்தக் கணக்கு நியாயம்தான். அதிர்ஷ்டம் என்ற வாதத்தை விட்டுவிடுகிறேன். 'எல்லாருக்கும் மேல்' என்பதை இன்னும் விடவில்லை.

அரைச்சுற்று:

இடையில் நுழைகிறேன். அலெக்னாவின் 2004 தங்கத்தைப் பற்றி ஒரு விவரம். ஏதென்ஸில் முதலில் வந்தவர் ஹங்கேரியின் ராபர்ட் ஃபஸேகாஷ், 70.93 மீட்டர். ஊக்கமருந்துப் பரிசோதனை விதியை மீறியதாக அவரை நீக்கினார்கள். அதனால் 69.89 எறிந்த அலெக்னா தங்கத்துக்கு வந்தார். அவர் மேல் ஒரு குறையும் இல்லை. ஆனால் 'நாள்' என்று பார்த்தால் அது ஓர்ட்டரின் ஐந்தாவது சுற்று மாதிரி ஒரு நாள் இல்லை.

சுவாரசியம் அதற்கப்புறம்தான். அந்த 69.89 ஒலிம்பிக் சாதனையாக 20 வருடம் நின்றது. 2024 பாரிஸில் அதை உடைத்தது அவருடைய மகன் மிகோலாஸ், 69.97. தங்கம் உறுதி என்று நினைத்திருந்தபோது ஜமைக்காவின் ரோஜே ஸ்டோனா சரியாக 70.00 எறிந்தார். மூன்று சென்டிமீட்டர்! உலக சாதனையாளரான மகனுக்கு வெள்ளி. அறுபது வருடம் கழித்தும் ஓர்ட்டர் காலத்துக் கதை மாறவில்லை.

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

அருமையாகப் பிடித்தீர்கள் அரைச்சுற்று. ஸ்டோனாவை அன்றைக்குக் காலையில் எத்தனை பேருக்குத் தெரியும்?

கணக்கன் தம்பிக்காக இன்னொன்று. ஓர்ட்டர் 1968-க்குப் பிறகு விலகிவிட்டார். 1970-களின் பிற்பாதியில், நாற்பது வயதைத் தாண்டி, திரும்ப வந்தார். 1980 மே மாதம், 43 வயதில், கான்சஸ் மாநிலம் விச்சிட்டாவில் 69.46 எறிந்தார். மெக்சிகோ தங்கத்தைவிட நாலரை மீட்டருக்கு மேல் அதிகம். அதுதான் அவருடைய வாழ்நாள் சிறந்த தூரம்.

கணக்கன்:

43 வயதிலா? இது எனக்குத் தெரியாது. அப்படியென்றால் மாஸ்கோ ஒலிம்பிக்?

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

அமெரிக்கா புறக்கணித்த ஒலிம்பிக் அது. நமக்கு ஹாக்கி தங்கம் கிடைத்ததே, அதே வருடம். போகப்போவதில்லை என்று தெரிந்தே அமெரிக்கர்கள் தேர்வுப் போட்டியை நடத்தினார்கள். ஓர்ட்டர் அதில் நான்காவது. மூன்று பேருக்குத்தான் இடம். ஆக, புறக்கணிப்பு இல்லாவிட்டாலும் போயிருக்க முடியாது. 'ஐந்தாவது தங்கத்தை அரசியல் பறித்தது' என்று சில இடங்களில் எழுதுகிறார்கள், அது மிகை.

மாஸ்கோவில் தங்கம் வென்ற சோவியத்தின் விக்டர் ரஷுப்கின் எறிந்தது 66.64. ஓர்ட்டரின் 69.46-ஐ அதன் பக்கத்தில் வைத்து ஆசைப்படலாம். ஆனால் இடம் வேறு, காற்றும் வேறு. காற்றைப் பற்றி மேலே அவ்வளவு சொல்லிவிட்டு நானே அப்படி ஒப்பிடக் கூடாது.

மதுரைக்காரி:

நாள் பற்றிப் பேசுகிறோமே, நம் ஊரிலும் ஒரு நாள் உண்டு. 2010 அக்டோபர், டில்லி காமன்வெல்த் போட்டி. கிருஷ்ணா பூனியா 61.51 மீட்டர், தங்கம். வெள்ளி ஹர்வந்த் கவுர், வெண்கலம் சீமா அந்தில். மூன்று இடமும் இந்தியாவுக்கு. காமன்வெல்த் தடகளத்தில் 1958-இல் மில்கா சிங் வாங்கிய பிறகு இந்தியாவுக்கு ஒரு தங்கம்கூட வந்திருக்கவில்லை. 52 வருடம். பெண்களில் அவர்தான் முதல். கணக்கன், மூன்று பதக்கமும் ஒரே நாட்டுக்குப் போனால் உலகப் போட்டி இல்லை என்று அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சண்டைக்குப் போயிருப்பேன்.

ஆண்களில் மைசூரில் பிறந்த விகாஸ் கவுடா. 66.28 மீட்டர், லண்டன் ஒலிம்பிக்கில் எட்டாவது, 2014 கிளாஸ்கோ காமன்வெல்த்தில் தங்கம். அவர் வளர்ந்ததும் பழகியதும் அமெரிக்காவில். இங்கேயே இருந்திருந்தால் ஹாக்கி பயிற்சி முடியும்வரை காத்திருந்திருப்பார்.

கணக்கன்:

சண்டை வேண்டாம், அந்த வாதத்தையும் எடுத்துக்கொள்கிறேன் :) டில்லிப் போட்டியை டிவியில் பார்த்தவன்தான் நானும்.

என் நிலை இப்போது இது. ஒலிம்பிக்கை மட்டும் வைத்துப் பார்த்தால் ஓர்ட்டர்தான். மொத்த வாழ்க்கையையும் வைத்துப் பார்த்தால் ரீடலின் ஐந்து உலகப் பட்டத்தை என்னால் கீழே வைக்க முடியவில்லை. பத்து வருடம் ஒவ்வொரு கோடையிலும் எல்லாரும் குறிவைக்கிற ஆளாக இருந்து ஜெயிப்பது ஒரு தனிப் பாரம். ஓர்ட்டருக்கு அந்தப் பாரம் இல்லை. அவர் பெரும்பாலும் துரத்தியவர், ரீடல் துரத்தப்பட்டவர்.

உப்பளத்தான்:

இது நல்ல வாதம். பதில் உடனே தோன்றவில்லை. ஆனால் 1964-இல் இரண்டு தங்கத்தோடும், 1968-இல் மூன்று தங்கத்தோடும் வருகிறவனை யாரும் 'துரத்துகிறவன்' என்று நினைத்திருப்பார்களா? சாதனை சில்வெஸ்டரிடம் இருந்தது, பயம் யாரிடம் இருந்தது என்பது தகுதிச் சுற்றில் 63.34, இறுதியில் 61.78 என்ற இரண்டு எண்களிலேயே தெரிகிறது.

அரைச்சுற்று:

கடைசிக் காலத்தில் அவர் ஓவியராகிவிட்டார், தெரியுமா? கித்தானைப் பரப்பி, வண்ணத்தைக் குளமாக ஊற்றி, அதில் வட்டை எறிவார். தெறிப்பதுதான் ஓவியம். ஒலிம்பிக் வீரர்களாக இருந்து கலைஞர்களானவர்களின் படைப்புகளுக்கென்று 2006-இல் ஓர் அமைப்பையும் தொடங்கினார். 2007 அக்டோபரில் ஃபுளோரிடாவில் இதயக் கோளாறால் இறந்தார், 71 வயது.

1996 அட்லாண்டா தொடக்க விழாவில் ஒலிம்பிக் சுடரை அரங்கத்துக்குக் கொண்டுவந்து குத்துச்சண்டை வீரர் எவாண்டர் ஹோலிஃபீல்டிடம் கொடுத்தவர் அவர்தான். அன்றைக்கு முகமது அலியைத்தான் எல்லாரும் பார்த்தார்கள்.

வவுனியாப் பொடியன்:

டானெக்குக்கு அப்புறம் என்ன நடந்தது? டோக்கியோவில் வெள்ளி, மெக்சிகோவில் வெண்கலம் வாங்கியவரை அதோடு விட்டுவிட்டீர்கள். அவர்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற பி.டி. சார்:

பாவப்பட வேண்டாம் தம்பி. 1972 மியூனிக், ஓர்ட்டர் இல்லாத ஒலிம்பிக். சில்வெஸ்டர் 63.50, ஸ்வீடனின் ரிக்கி புரூக் 63.40. டானெக் இவர்களுக்குப் பின்னால் இருந்தார். கையில் ஒரே ஓர் எறிதல் மிச்சம். அதில் 64.40 எறிந்தார். தங்கம். சில்வெஸ்டருக்கு வெள்ளி.

கணக்கன்:

கடைசி எறிதலிலா? சில்வெஸ்டரை வைத்து ஒரு தனி இழை தொடங்கலாம் போலிருக்கிறது. உலக சாதனையாளராக வந்து ஐந்தாவது, நான்கு வருடம் கழித்து வந்து வெள்ளி. யாராவது தொடங்குங்கள், இந்தத் தடவை நான் அவர் கட்சி.